சீனாவின் அன்றாடத்தை வரைந்த வெள்ளைக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்துப் படங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

பெரும்பாலும் 1650க்கும் 1870க்கும் நடுவில் வந்தவை. மஞ்சூக்களின் சிங் வம்சம் சீனாவை ஆண்ட காலம். முடி திருத்துபவர், படகுக்காரி, சூதாடுகிற கூலிகள், கழுத்தில் பலகை மாட்டிய கைதி என்று ஏல நிறுவனங்களின் தளங்களிலும் அருங்காட்சியகப் பக்கங்களிலும் இந்தப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. வரைந்தவர்களில் பல ரகம் உண்டு. தூதுக்குழுவோடு சம்பளத்துக்குப் போனவர்கள், கடன்காரர்களுக்குப் பயந்து ஓடிப்போனவர்கள், பாரிஸை விட்டு நகராமல் கற்பனையிலேயே சீனாவைக் கட்டியவர்கள், அடுத்தவர் வரைந்ததைப் பார்த்து லண்டனில் உட்கார்ந்து செப்புத் தகட்டில் செதுக்கியவர்கள். இது போதாதென்று, மேற்கத்தியர் வரைந்தவை என்று நாம் நினைக்கிற படங்களில் கணிசமானவை சீனர்களே வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றவை. அதனால் எந்தப் படம் கண்ணில் பட்டாலும் நான் முதலில் யோசிப்பது, இதை வரைந்த ஆள் எங்கே நின்று வரைந்திருப்பார், அதற்கு மேல் போக அவரை விட்டார்களா என்பதைத்தான். அழகெல்லாம் அப்புறம்.

நேரில் போய்ப் பார்த்து வரைந்த ஆரம்பகாலத்து ஆள் யார்?

யோஹான் நியூஹோஃப். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1655இல் பட்டேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, சீனப் பேரரசரிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அதில் சாப்பாடு, சாமான்களைக் கவனிக்கிற நிர்வாகியாகப் போனவர் இவர். வழியில் பார்க்கிற ஊர், ஆறு, கோயில் எல்லாவற்றையும் வரைந்துகொண்டு வருவதும் அவருக்கு இட்ட வேலை. தென்சீனத் துறைமுகமான கான்டனிலிருந்து பெய்ஜிங் வரை பெரும்பகுதி படகுப் பயணம். தூதுக்குழு கேட்ட தாராள வியாபார அனுமதி கிடைக்கவில்லை, 8 வருடத்துக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் 1665இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான புத்தகம், 150 படங்கள் அளவில், ஐரோப்பா முழுக்கப் பரவியது. அடுத்த நூறு வருடத்துக்குச் சீனா என்றால் பலருக்கும் மனதில் வந்தது அந்தப் புத்தகத்தின் படங்கள்தான்.

சிக்கல் என்னவென்றால், அச்சில் வந்தவை அவர் வரைந்தபடியே வந்தவை அல்ல. அவருடைய கையெழுத்துப் பிரதி 1980களில் பாரிஸில் கண்டெடுக்கப்பட்டது. அதிலுள்ள கோட்டோவியங்கள் அடக்கமானவை: கரை, சுவர், தூரத்தில் நகரம், அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் விற்பனையை மனதில் வைத்து முன்னால் ஒரு பனைமரத்தை நட்டு, நாலைந்து ஆட்களை நிறுத்தி, வானத்தில் மேகத்தையும் ஏற்றிவிட்டார். நான்ஜிங்கின் புகழ்பெற்ற பீங்கான் கோபுரத்தைப் பாருங்கள். அதற்கு 9 நிலைகள், புத்தகத்தின் எழுத்திலும் 9 என்றுதான் இருக்கிறது, படத்திலோ 10. சீனாவில் இப்படிப்பட்ட கோபுரங்களுக்கு வழக்கமாக ஒற்றைப்படை நிலைகள்தான். லண்டன் கியூ தோட்டத்தில் 1762இல் கட்டி முடித்த சீனக் கோபுரத்துக்கு இரட்டைப்படையாக 10 நிலைகள் அமைந்ததற்கு இந்தப் படமே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. நான்ஜிங் கோபுரம் 1850களில் தைப்பிங் கலகத்தில் இடிந்துபோனது, கியூ கோபுரம் இன்னமும் நிற்கிறது.

சீனாவுக்குப் போகாமலே வரைந்தவர்களும் உண்டா?

ஏராளம். பிரான்ஸின் பிரான்சுவா பூஷேயைச் சொன்னால் போதும். 1742இல் சீனச் சந்தை, சீன மீன்பிடிப்பு என்றெல்லாம் திரைச்சீலை நெசவுக்காக வண்ண மாதிரிகள் வரைந்து காட்சிக்கு வைத்தார். மீன் பிடிக்கிறவன் கன்னம் ரோஜா நிறத்தில் இருக்கும், சந்தையில் யாருக்கும் வியர்க்காது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாதிரிகளை வைத்து நெய்த திரைச்சீலைகளில் ஒரு தொகுதியைப் பிரெஞ்சு அரசர் 1760களில் ஏசுசபைப் பாதிரிமார் மூலம் பெய்ஜிங்குக்கே, சியான்லுங் பேரரசருக்கே, பரிசாக அனுப்பினார். அவர் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு உதாரணம், கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே. பிரிட்டனின் முதல் தூதர் மெக்கார்ட்னி சீனப் பேரரசர் முன் மண்டியிட்டுப் பரிசுகளைக் கடைவிரிப்பது போன்ற அவருடைய படத்தை இன்றைக்கும் பல கட்டுரைகளில் அந்தச் சந்திப்பின் படம் என்று போடுகிறார்கள். படம் வெளியானது 1792 செப்டம்பர் 14. தூதுக்குழு இங்கிலாந்தை விட்டுக் கிளம்பியதே அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 26இல்தான்!

வில்லியம் அலெக்சாண்டர் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

இந்த விஷயத்தில் ஒரே ஒருவரைப் பார்க்க நேரமிருக்கிறது என்றால் இவரைப் பாருங்கள். இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் ஊர்க்காரர், 1767இல் பிறந்தவர். மெக்கார்ட்னி தூதுக்குழுவில் 25 வயதில் வரைவாளராகப் போனார். குழுவின் அதிகாரபூர்வ ஓவியர் அவர் அல்ல. அந்தப் பதவி தாமஸ் ஹிக்கி என்ற ஐரிஷ்காரருக்கு, மெக்கார்ட்னியின் பழைய நண்பர் என்ற வகையில். ஹிக்கி அந்தப் பயணத்தில் வரைந்ததாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. வேலையெல்லாம் செய்தது இளையவர்தான். எல்லா ஆபீசிலும் நடப்பதுதானே.

பெய்ஜிங்கிலிருந்து ஹாங்சோ வரை பெருங்கால்வாய் வழியாகத் தூதுக்குழு திரும்பியபோது படகு நடை வேகத்தில்தான் நகர்ந்தது. கரையில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், மதகு, காவல் சாவடி, வலை போடுகிறவர், மழைக்குக் கோரை ஆடை போர்த்தியவர், நீர்க்காகத்தை வைத்து மீன் பிடிக்கிறவர் என்று அவர் கை ஓயவில்லை. பிரிட்டிஷ் நூலகத்தில் மட்டும் அவருடைய ஓவியங்களும் கோட்டோவியங்களும் 800க்கு மேல் இருக்கின்றன. 1797இல் வந்த தூதுக்குழுவின் அதிகாரபூர்வ நூலுக்கும் படங்கள் அவருடையவை. 1805இல் சீன உடைகளைப் பற்றித் தனியாகவே 48 வண்ணப் படங்கள் கொண்ட ஒரு புத்தகம் போட்டார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அச்சுப் படங்களையும் ஓவியங்களையும் கவனிக்கும் பொறுப்புக்கு வந்து, 1816இல் இறந்தார்.

அவர் பார்க்காததையும் வரைந்தாராமே?

ஆமாம், அதை மறைக்கவும் இல்லை. பேரரசரைச் சந்திக்க மெக்கார்ட்னி வடக்கே ஜெஹோலுக்குப் போனபோது (இன்றைய செங்டே) அலெக்சாண்டரை பெய்ஜிங்கிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பெருஞ்சுவருக்கு அத்தனை பக்கத்தில் வந்தும் பார்க்காமல் போனது காலத்துக்கும் வருத்தம்தான் என்று நாட்குறிப்பில் புலம்பியிருக்கிறார் மனிதர். அப்படியிருந்தும் பெருஞ்சுவர் படமும், பேரரசர் பல்லக்கில் கூடாரத்துக்கு வரும் படமும் அவர் பெயரில் உண்டு. கூடப் போன பாரிஷ் என்ற பீரங்கிப் படை அதிகாரி எடுத்துவந்த அளவுகளையும் கிறுக்கல்களையும் வைத்துப் பிறகு உருவாக்கியவை அவை. ஆக, அலெக்சாண்டரின் மிகப் பிரபலமான படங்கள் அவர் பார்க்காதவை. பார்த்து வரைந்த சாதாரண ஆட்களின் படங்கள் அந்த அளவுக்குப் பிரபலம் ஆகவில்லை. எனக்கு இரண்டாவது வகைதான் முக்கியம்.

ஒரு படத்தையாவது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா?

1805 புத்தகத்தில் படகு இழுப்பவர்கள் சாப்பிடும் படம் ஒன்று இருக்கிறது. காற்று இல்லாதபோதும் எதிர்நீரோட்டத்திலும் கரையில் நடந்தபடி கயிறு கட்டிப் படகை இழுக்கிற கூலிகள் இவர்கள். தூதுக்குழுவின் படகுகளையும் இவர்களைப் போன்றவர்கள்தான் இழுத்தார்கள். படத்தில் அவர்கள் வேலையை விட்டுத் தரையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறார்கள். கிண்ணத்தை வாய்க்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக் குச்சியால் உள்ளே தள்ளுகிற அந்தப் பழக்கத்தை அப்படியே பிடித்திருக்கிறார். பக்கத்தில் கயிறு கோத்த பலகைகள் கிடக்கின்றன. சும்மா போட்ட சாமான் அல்ல அது. இழுக்கும்போது கயிறு நெஞ்சை அறுக்காமல் இருக்க மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொள்கிற பலகை. அந்தப் பலகையைக் கவனிக்க வேண்டுமானால் படகில் பொழுது போகாமல் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அலெக்சாண்டர் உட்கார்ந்திருந்தார்.

அப்படியானால் அலெக்சாண்டரை முழுசாக நம்பலாமா?

பொருட்களை நம்பலாம். படகின் பாய், துடுப்பு, கூரை, தொப்பி, சுமை தூக்கும் தண்டு போன்றவற்றில் அவர் கை சுத்தம், படகு வரலாறு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அவரிடம் வருகிறார்கள். மனிதர்களின் நிற்கும் விதத்தில்தான் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். இங்கிலாந்தில் கலைப்பள்ளியில் படித்த கை, அதனால் விவசாயியும் கிரேக்கச் சிலை மாதிரி ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பார். பென்சில் கிறுக்கலில் நெளிந்து வளைந்து இருக்கிற ஆள், நீர்வண்ணத்தில் நிமிர்ந்து, செப்புத் தகட்டில் ஏறும்போது இன்னும் சுத்தமாகிவிடுகிறார். எங்கே கிறுக்கலும் அச்சும் இரண்டும் கிடைக்கின்றனவோ அங்கே கிறுக்கலையே நம்புங்கள்.

இதே தலைப்பில் இன்னொரு புத்தகமும் இருக்கிறதே?

குழப்பம் சகஜம், அலெக்சாண்டரின் 1805 புத்தகத்துக்கும் அதற்கும் ஒரே தலைப்பு. அது ஜார்ஜ் ஹென்றி மேசன் வெளியிட்டது, 1800இல், 60 படங்களோடு. மேசன் ஓவியரே அல்ல, மெட்ராஸில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. உடம்பு தேற 1789இல் கான்டனுக்குப் போனவர், அங்கே கிடைத்த படங்களைக் கொண்டுவந்து பத்து வருடம் கழித்து லண்டனில் அச்சடித்தார். படங்களின் கீழேயே பூ குவா, கான்டன் என்று வரைந்தவரின் பெயர் போட்டிருக்கும். அதாவது ஒரு சீன ஓவியர், இல்லையென்றால் அந்தப் பெயரில் நடந்த ஒரு பட்டறை.

பாம்பு விற்கிறவர், தவளை பிடிக்கிறவர், உடைந்த பீங்கானை ஒட்டுகிறவர், பொம்மலாட்டக்காரர் என்று ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள், பின்னணி கிட்டத்தட்ட வெறுமை. தெருவே இல்லாத தெரு ஆட்கள். இது வாங்குகிறவர் கேட்ட அமைப்பு. கப்பல் அதிகாரிகளும் வியாபாரிகளும் ஊருக்குக் கொண்டுபோக, கட்டுக்கட்டாக இப்படி வரைந்து தள்ளிய பட்டறைகள் கான்டனில் நிறைய இருந்தன. தேயிலை பறிப்பதிலிருந்து பெட்டியில் அடைப்பது வரை ஒரு வரிசை, பட்டுப்புழுவிலிருந்து துணி வரை ஒரு வரிசை, பீங்கானுக்கு ஒன்று. அவுட்லைனை ஒருவர் நகலெடுப்பார், முகத்தை இன்னொருவர் முடிப்பார், துணிக்கு வண்ணம் வேறொருவர்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுசாக இருக்காது. அதே காலத்தில் தஞ்சாவூரில் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த படங்களிலும் இதே அமைப்புதான்: வெற்றுப் பின்னணியில் கணவனும் மனைவியும், கையில் தொழிலுக்கான கருவி, கீழே சாதியின் பெயர். வாங்கியதும் அதே வகை ஆட்கள்தான். அந்த வரிசையையும் கான்டன் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உலகத்தை ஒரு பொருள் பட்டியலாகப் பார்க்க விரும்பிய வாடிக்கையாளரின் முகம் இரண்டிலும் தெரியும்.

சீனத் தண்டனைகளைப் பற்றிய அந்தப் பயங்கரமான படங்கள்?

அதுவும் மேசன் பெயரில் வந்ததுதான், 1801இல், 22 படங்கள். நன்றாக விற்றது. சீனர்கள் என்றாலே கொடூரம் என்ற எண்ணத்தை ஐரோப்பிய வீடுகளில் ஊன்றியதில் அந்த மெல்லிய புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து. இத்தனைக்கும் அந்த வருடங்களில் இங்கிலாந்துச் சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 200க்கு மேல். கடையில் திருடினாலும் தூக்கு, ஆடு திருடினாலும் தூக்கு. லண்டன்காரர்கள் தங்கள் தூக்குமேடையை வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சீனர்களின் கழுத்துப் பலகைப் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். படங்களில் இருப்பது பொய் என்று சொல்லவில்லை. கழுத்துப் பலகை நிஜம், அலெக்சாண்டரும் அதை வரைந்திருக்கிறார். 22 தண்டனைகளை மட்டும் தனியாக எடுத்துப் பட்டுத்துணி அட்டை போட்டால் ஒரு நாடே சிறைச்சாலையாகத் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

ஏன் எல்லாப் படத்திலும் கான்டனும் மக்காவ் துறைமுகமும்தான் வருகின்றன?

வேறு எங்கும் விடவில்லை. 1757இலிருந்து 1842 வரை மேற்கத்திய வியாபாரிகளுக்குச் சீனாவில் ஒரே துறைமுகம்தான், கான்டன், இன்றைய குவாங்சோ. அங்கேயும் நகரத்தின் மதிலுக்கு உள்ளே போக முடியாது. ஆற்றங்கரையில் 13 கிடங்கு வளாகங்கள், அவற்றுக்கு முன்னால் ஒரு மைதானம், பின்னால் நாலைந்து கடைத்தெருக்கள். அதற்குள்தான் ஆறு மாதமும் ஓட்ட வேண்டும், மனைவியைக் கூட்டிவரக் கூடாது. வியாபாரக் காலம் முடிந்ததும் போர்ச்சுகீசியர் கையில் இருந்த மக்காவுக்குப் போய்விட வேண்டும். நதியும் படகும் கூலிகளும் கடைத்தெருவும் திரும்பத் திரும்ப வருவதற்கும், வயல், கிராமம், பள்ளிக்கூடம், கல்யாண வீடு எல்லாம் அரிதாக வருவதற்கும் காரணம் இந்தக் கட்டுப்பாடுதான்.

ஜார்ஜ் சின்னரி பற்றிச் சொல்லுங்கள்.

இவரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். 1774இல் லண்டனில் பிறந்தார், 1802 கடைசியில் மெட்ராஸ் வந்து இறங்கினார், ஐந்து வருடம் அங்கே இருந்தார். அண்ணனோ தம்பியோ, ஜான் சின்னரி என்ற சகோதரர் அங்கே வியாபாரத்தில் இருந்தார். ஹைதராபாத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த கிர்க்பாட்ரிக்குக்கும் அவருடைய மனைவி கைருன்னிசாவுக்கும் பிறந்த இரண்டு குழந்தைகளை, இங்கிலாந்துக்குக் கப்பலேற்றும் முன்பு, 1805இல் மெட்ராஸில் வரைந்தாரே, அவரேதான். பிறகு டாக்கா, கல்கத்தா. பெரிய மனிதர்களின் உருவப்படங்களால் நல்ல வருமானம், அதைவிட நல்ல செலவு. கடன் கழுத்துக்கு மேல் போனதும் 1825இல் மக்காவுக்குக் கிளம்பினார், 1852இல் இறக்கும்வரை 27 வருடம் அங்கேயே. கடன்காரரிடமிருந்து மட்டுமல்ல, மனைவியிடமிருந்தும் ஓடிவந்தார் என்று ஊரில் பேச்சு. அவரும் அதை மறுக்கவில்லை: வெளிநாட்டுப் பெண்களைக் கான்டனுக்குள் விடாத சீன அரசாங்கம் எப்பேர்ப்பட்ட தயாள அரசாங்கம் என்று சொல்லிச் சிரிப்பாராம். ஹன்டர் என்ற அமெரிக்க வியாபாரி எழுதிவைத்த கதை இது.

சாப்பாட்டுக்கு உருவப்படம் வரைந்தார், அவற்றில் பல எனக்குச் சலிப்புத்தான். ஆனால் மக்காவ் தெருக்களில் அவர் போட்ட பென்சில் கிறுக்கல்கள் வேறு சரக்கு. சூதாட்டத்தில் குந்தியிருக்கும் நாலு முதுகுகள், கொல்லன், பன்றிகள், பலகாரக் கடை, சுமையை இறக்கிவிட்டு மூச்சு வாங்குகிற கூலி. முடி திருத்துபவரைத் திரும்பத் திரும்ப வரைந்தார், அதற்குக் காரணமும் உண்டு. சிங் ஆட்சியில் ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னால் சடை போட வேண்டும் என்பது சட்டம், அதனால் தெருவுக்குத் தெரு நாவிதருக்கு வேலை. தோளில் காவடித் தண்டு, ஒரு முனையில் வாடிக்கையாளர் உட்கார முக்காலி, மறுமுனையில் வெந்நீர் அடுப்பு. அந்த முழுக் கடையும் சின்னரியின் கையகலத் தாளில் பத்துப் பதினைந்து கோட்டில் வந்துவிடும்.

ஓரத்தில் புழு நெளிவது போலச் சில எழுத்துகள் இருக்கும். சீன எழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். கர்னி முறைச் சுருக்கெழுத்து அது. நிழல் எந்தப் பக்கம், துணி என்ன நிறம், இந்த உருவம் சரியாக வந்திருக்கிறது, இது இன்னும் திருத்த வேண்டும் என்று தனக்குத்தானே குறித்துக்கொண்டவை. மக்காவின் செயின்ட் பால் தேவாலயம் 1835 ஜனவரியில் எரிந்துபோவதற்கு முன்பே அவர் அதை வரைந்துவைத்திருந்தார், இன்றைக்கு அங்கே நிற்பது முகப்புச் சுவர் மட்டும்.

கான்டனின் சீன ஓவியர் லாம்குவா, சின்னரியின் சீடரா?

லாம்குவா ஆமாம் என்றார், சின்னரி இல்லை என்றார். இயற்பெயர் குவான் சியாவ்சாங். கான்டன் கடைத்தெருவில் மாடிக்கடை வைத்து ஐரோப்பிய பாணியில் எண்ணெய் வண்ண உருவப்படம் வரைந்தார், அதுவும் சின்னரியைவிட மலிவாக. பகைக்கு வேறென்ன காரணம் வேண்டும்? அவர் செய்த பெரிய காரியம் வேறொன்று. பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் 1835இல் கான்டனில் மருத்துவமனை திறந்தார். பெரிய பெரிய கட்டிகளோடு வந்த நோயாளிகளை, அறுவை சிகிச்சைக்கு முன்னால், லாம்குவா வரைந்தார். அவருடைய உறவுப் பையன் பார்க்கரிடம் அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டிருந்தான். யேல் பல்கலைக்கழகத்தில் அந்தப் படங்கள் 80க்கு மேல் இருக்கின்றன. கட்டியைப் பார்க்கப் பயமாக இருக்கும், முகமோ அமைதியாக நம்மைப் பார்க்கும். தையல்காரர், விவசாயி, சிறுமி என்று ஒவ்வொருவரும் பெயரோ வயதோ உள்ள மனிதர்கள். மேற்கத்தியர் யாரும் சாதாரணச் சீனர்களை இவ்வளவு மரியாதையோடு வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை. மேற்கத்திய ஓவியர்களைப் பற்றிய பக்கத்தில் ஒரு சீனரைப் புகழ்கிறேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

பெண்களை எப்படி வரைந்தார்கள்?

பணக்கார வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்கள் கண்ணில் படுவதில்லை. அதனால் சின்னக் கால்களோடு, விசிறியோடு, தோட்டத்தில் சாய்ந்திருக்கும் சீமாட்டி படங்கள் பெரும்பாலும் கான்டன் பட்டறைப் படங்களிலிருந்து எடுத்தவை, இல்லையென்றால் கற்பனை. நிஜமாகப் பார்த்து வரைய முடிந்தது வெளியில் வேலை செய்த பெண்களைத்தான். சின்னரியின் தங்கா படகுப்பெண்கள் அப்படி வந்தவர்கள். தங்கா என்பது நீரிலேயே பிறந்து நீரிலேயே வாழ்ந்த படகுச் சமூகம், அவர்களிடம் கால் கட்டும் வழக்கம் கிடையாது. தலையில் துணி, முட்டியளவு காற்சட்டை, வெறுங்கால், முதுகில் குழந்தை, கையில் துடுப்பு. கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியவர்கள் அவர்கள், தினமும் பார்த்துப் பழகிய முகங்கள். அந்த எண்ணெய் ஓவியங்களில் சிலவற்றைக் கொஞ்சம் அழகுபடுத்தித்தான் இருக்கிறார், வாங்குகிறவர் ஆண் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

பிரெஞ்சுக்காரர்கள் யாரும் போகவில்லையா?

ஒகுஸ்த் போர்ஜே, 1838இல் வந்து பத்து மாதம் போலத் தங்கினார். எழுத்தாளர் பால்சாக்கின் நண்பர், 1842இல் வந்த இவருடைய சீனப் புத்தகத்தைப் பற்றி பால்சாக் நீண்ட கட்டுரையே எழுதினார். மக்காவில் சின்னரியைச் சந்தித்திருக்கிறார். கோயில் வாசலில் கடை போட்டவர்கள், மரத்தடியில் படுத்தவர்கள், கவிழ்ந்த பழைய படகையே வீடாக்கிக் குடியிருந்தவர்கள் இவருக்குப் பிடித்த விஷயம்.

தாமஸ் ஆலம் படங்கள்தான் கூகுளில் அதிகம் வருகின்றன, அவை எப்படி?

அழகாக இருக்கும், விழுந்துவிடாதீர்கள். ஆலம் ஒரு கட்டடக்கலைஞர், சீனாவைக் கண்ணால் கண்டதில்லை. அபினி யுத்தம் முடிந்து நான்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தானது 1842இல், சீனா பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்து 1843இல் அவருடைய படங்கள் புத்தகமாக வந்தன. அலெக்சாண்டரிடமிருந்து கொஞ்சம், போர்ஜேயிடமிருந்து கொஞ்சம், கான்டன் பட்டறைப் படங்களிலிருந்து கொஞ்சம் எடுத்து, தூண்களையும் விளக்குகளையும் தன் பங்குக்குச் சேர்த்து, ஒரு நாடக மேடை மாதிரி ஆக்கிவிட்டார். அபினி புகைக்கிறவர்கள் படமும் பட்டு நூற்கிற படமும் பாடப்புத்தகம் வரை போய்விட்டன.

மெட்ராஸ் ஏன் இத்தனை தடவை தலைகாட்டுகிறது?

கப்பல் பாதை, கம்பெனி, ஆட்கள் மூன்றும் ஒன்றுதான் என்பதால். மெக்கார்ட்னி 1781 முதல் 1785 வரை மெட்ராஸ் கவர்னர். சீனாவுக்கு அவரோடு போன செயலாளர் ஜார்ஜ் ஸ்டான்டன் மெட்ராஸிலும் அவருக்குச் செயலாளர், 1784இல் திப்பு சுல்தானோடு மங்களூர் உடன்படிக்கை பேசியவர்களில் ஒருவர். சீனாவில் சும்மா இருந்த ஹிக்கி பிற்பாடு மெட்ராஸில் திப்புவின் பிள்ளைகளையும் நில அளவை அதிகாரி கர்னல் மெக்கன்சியையும் வரைந்து நன்றாகப் பெயர் வாங்கி, 1824இல் அங்கேயே இறந்தார். நியூஹோஃப் கூடச் சீனப் பயணத்துக்குப் பிறகு தூத்துக்குடியில் டச்சுக் கம்பெனி வேலையில் இருந்து, முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கேமரா வந்த பிறகு?

ஓவியர்களுக்கு வேலை குறைந்தது, பிரச்சினை குறையவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் 1870களில் நாலு பாகமாக 200 புகைப்படங்கள் வெளியிட்டார். யாங்சி ஆறு வரை, பெய்ஜிங் வரை போனவர், அலெக்சாண்டருக்குக் கிடைக்காத சுதந்திரம். ஆனால் அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு ஆள் அசையாமல் நிற்க வேண்டும், அதனால் அவருடைய தெருக்காரர்களும் நிறுத்திவைத்து எடுக்கப்பட்டவர்களே. நகர்ந்துகொண்டே இருக்கிற ஆளைப் பிடிப்பதில் சின்னரியின் பென்சில்தான் இன்னும் முன்னால்.

மேற்கத்தியர் வரைந்ததா, சீனப் பட்டறைப் படமா என்று எப்படிப் பிரித்தறிவது?

தாளைப் பாருங்கள். வெல்வெட் போலப் பளபளத்து, தொட்டால் நொறுங்குகிற மாதிரி, வண்ணம் மேலே மொத்தையாக நிற்கிறது என்றால் அது ஒரு செடியின் தண்டுச் சோற்றைச் சுருளாகச் சீவி எடுத்த தாள், 19ஆம் நூற்றாண்டுக் கான்டன் சரக்கு. அரிசித்தாள் என்று விற்பார்கள், அரிசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. காலுக்குக் கீழே தரையோ நிழலோ இல்லாமல் ஆள் அந்தரத்தில் நிற்கிறாரா, அதே ஆள் அதே நிலையில் வேறொரு ஆல்பத்திலும் வருகிறாரா, பன்னிரண்டு படங்கள் கொண்ட கட்டா, அப்போதும் பட்டறைதான். ஓரத்தில் பென்சில் குறிப்பு, முடிக்காத கை, ஒரு தாளிலேயே ஏழெட்டு ஆட்கள் என்றால் ஐரோப்பியர் நேரில் போட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே பார்க்கலாம்? ஒரு அச்சுப் படம் வாங்கலாமா?

பிரிட்டிஷ் நூலகம், பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், அமெரிக்காவின் சேலம் ஊரிலுள்ள பீபாடி எசெக்ஸ் மியூசியம், ஹாங்காங் கலை மியூசியம் எல்லாவற்றிலும் நல்ல தொகுப்புகள் உண்டு. மேசன் புத்தகத்தின் படங்களை நியூயார்க் பொது நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம். தாம்சனின் கண்ணாடி நெகட்டிவ்கள் லண்டன் வெல்கம் தொகுப்பில் இருக்கின்றன.

வாங்குவதானால் ஒரு விஷயம். தனித்தனியாகக் கிடைக்கும் பக்கங்கள் எல்லாம் யாரோ புத்தகத்தைப் பிரித்து விற்றவை, அதனால் படத்தோடு சேர்ந்த விளக்கப் பக்கமும் இருக்கிறதா என்று கேளுங்கள். அலெக்சாண்டர், மேசன் இரண்டும் வெளிவந்தபோதே கையால் வண்ணம் பூசியவை. ஆலம் படங்கள் எஃகுத் தகட்டில் கறுப்பு வெள்ளையாக வந்தவை. வண்ண ஆலம் படத்தைக் காட்டி 1843ஆம் வருட ஒரிஜினல் வண்ணம் என்று கடைக்காரர் சொன்னால், வண்ணம் பூசியது எப்போது என்று கேட்டுவிட்டு விலையைப் பேசுங்கள்.